மால்ல சுத்துங்க, கடைத்தெருவுல வாங்குங்க: சென்னை சம்பளக்காரர்களுக்கு ஒரு ஷாப்பிங் கணக்கு

மாசக் கடைசி நாள். போன்ல "உங்கள் கணக்கில் சம்பளம் வரவு வைக்கப்பட்டது"ன்னு மெசேஜ் வருது. அடுத்த நிமிஷமே ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தர் கேட்பார்: "சனிக்கிழமை மாலுக்குப் போலாமா?" நீங்களும் தம்ஸ்-அப் போட்டிருப்பீங்க. நானும் போட்டிருக்கேன்.

அப்படிப் போன ஒரு சனிக்கிழமையைப் பத்தி முதல்ல சொல்லிடறேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். கைக்கு வர்ற சம்பளம் 24,000 ரூபாய். தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது அம்மாவுக்கு ஒரு புடவை வாங்கணும்னு ஆசை. நண்பர்கள் மூணு பேரோட ஒரு மாலுக்குப் போனேன். ஷூ ஆஃபர்ல இருந்துச்சு. ஜீன்ஸ், ரெண்டு எடுத்தா ஒண்ணு இலவசம். அப்புறம் ஒரு ஸ்மார்ட் வாட்ச், படம், சாப்பாடு. வெளியே வரும்போது மணி ஒன்பதரை. கிரெடிட் கார்டுல 18,400 ரூபாய் போயிருந்துச்சு. புடவை மட்டும் வாங்கலை!

அடுத்த வாரம் அவசர அவசரமா ரங்கநாதன் தெருவுக்கு ஓடி 1,400 ரூபாய்க்கு ஒரு புடவை எடுத்தேன். வீட்டுல அதைப் பிரிச்சுப் பார்த்துட்டு அம்மா கேட்ட முதல் கேள்வி, "ஏம்பா, ஆயிரத்து நானூறா? எனக்கு எதுக்கு இவ்ளோ விலையில?"

அந்த 18,400 ரூபாயை நான் அவங்ககிட்ட சொல்லவே இல்லை. பொங்கல் முடிஞ்சதும் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். "15,000 அனுப்ப முடியுமாப்பா?"ன்னு அப்பா கேட்டப்போ, கையில காசு இல்லாம நண்பன்கிட்ட கடன் வாங்கித்தான் அனுப்பினேன். கார்டு பில் அப்பவும் முடிஞ்சிருக்கலை.

அதனால இந்தக் கட்டுரை "மாலுக்குப் போகாதீங்க"ன்னு சொல்லப் போறதில்லை. எனக்கும் மால் பிடிக்கும். எந்த இடத்துக்கு எதுக்காகப் போறோம்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டா பாதிப் பணம் மிச்சம். அதைத்தான் சொல்லப் போறேன்.

மால்: இது பொழுதுபோக்கு செலவு

ராயப்பேட்டையில் எக்ஸ்பிரஸ் அவென்யூ, வேளச்சேரியில் ஃபீனிக்ஸ், வடபழனியில் விஜயா மால், அண்ணா நகரில் வி.ஆர். மால். நாலுமே நல்ல இடங்கள். வெயிலுக்கு ஏசி, சுத்தமான கழிவறை, குடும்பத்தோட போனா உட்கார இடம். இதெல்லாம் கடைத்தெருவுல கிடைக்காது.

ஆனா மால் எப்படிக் கட்டியிருக்காங்கன்னு அடுத்த தடவை கவனிச்சுப் பாருங்க. வெளிச்சம் ஒரே மாதிரி இருக்கும், வெளியே இருட்டினது தெரியாது. தியேட்டரும் ஃபுட் கோர்ட்டும் பெரும்பாலும் மேல் மாடியில. அங்கே போய் வர்றதுக்குள்ள நாலு மாடிக் கடைகளையும் பார்த்தாகணும். படத்துக்கு டிக்கெட்டை விட பாப்கார்ன் பில் பெருசா இருக்கும்.

அதனால மாலுக்குப் போற செலவைப் பொழுதுபோக்கு கணக்குல எழுதுங்க. படம், சாப்பாடு, பார்க்கிங் எல்லாம் சேர்த்து இந்த மாசம் இவ்வளவுன்னு ஒரு தொகை. துணி எடுக்கறது வேற கணக்கு. இந்த ரெண்டையும் ஒரே நாள்ல கலக்கும்போதுதான் என்னை மாதிரி மாட்டிக்கிறோம்.

"ரெண்டு வாங்கினா ஒண்ணு இலவசம்" கணக்கையும் போட்டுப் பார்ப்போம். சட்டை ஒண்ணு 1,799 ரூபாய். உங்களுக்குத் தேவை ஒரே ஒரு சட்டை. ஆஃபருக்காக ரெண்டுக்குப் பணம் கட்டினா 3,598. "ஒரு சட்டை 1,199-தானே விழுது"ன்னு மனசு சொல்லும். பர்ஸ் சொல்றது வேற: கூடுதலா 1,799 ரூபாய் போயிடுச்சு.

இன்னொரு விஷயம், ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு துணியின் விற்பனை மதிப்பு 2,500 ரூபாய் வரை இருந்தால் வரி 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18 சதவீதம். வரிக்கு முன்னாடி 2,500 ரூபாய்னா பில் 2,625. அதுவே 2,600 ரூபாய்னா பில் 3,068. துணியில வித்தியாசம் 100 ரூபாய், பில்லில் 443 ரூபாய்! விலைச்சீட்டில் வரி சேர்ந்தே இருக்கறதால இது கண்ணுக்குத் தெரியாது. பிராண்டட் துணி எடுக்கும்போது இந்த எல்லையை ஞாபகம் வெச்சுக்கோங்க.

எதை எங்கே வாங்கலாம்?

தி.நகர்: வீட்டு விசேஷம், பண்டிகைத் துணி, பாத்திரம், பை, பெட்டி எல்லாத்துக்கும் ரங்கநாதன் தெருவும் உஸ்மான் சாலையும் போதும். பைக்கை எடுத்துட்டுப் போய் பார்க்கிங் தேடாதீங்க. மின்சார ரயில்ல மாம்பலத்துல இறங்கினா ரங்கநாதன் தெரு வாசல்லயே நிப்பீங்க. பஸ் ஸ்டாண்டுக்குப் போக 2023-ல திறந்த ஆகாய நடைபாலம் இருக்கு. முடிஞ்சா வார நாள்ல காலையிலேயே போயிடுங்க. கூட்டம் குறைவா இருந்தாத்தான் நிதானமா விலை கேட்டுப் பார்க்க முடியும். கொஞ்சம் நடந்து பார்த்து வாங்கணும்னா பாண்டி பஜார். 2019-ல அங்கே நடைபாதையை அகலமாக்கிட்டாங்க.

பாரிமுனை, சவுகார்பேட்டை: இங்கே ஒரு தெருவுக்கு ஒரு சரக்கு. துணிக்கு கோடவுன் தெரு. நோட்டு, டைரி, கல்யாணப் பத்திரிகைக்கு ஆண்டர்சன் தெரு. மொத்த வியாபாரம் என்பதால் சில கடைகள்ல ஒண்ணு ரெண்டுன்னு தர மாட்டாங்க. அதுக்கும் வழி இருக்கு. ரூம்ல இருக்கற நாலு பேர் சேர்ந்து போங்க, பெட்ஷீட்டோ துண்டோ மொத்தமா எடுத்துப் பிரிச்சுக்கோங்க. பல மொத்தக் கடைகளுக்கு ஞாயிறு விடுமுறை. சனிக்கிழமையே போயிடுங்க. மெட்ரோவில் உயர் நீதிமன்றம் அல்லது மண்ணடி ஸ்டேஷன்ல இறங்கலாம்.

ரிச்சி தெரு: அண்ணா சாலைக்குப் பக்கத்துல. கேபிள், கீபோர்டு, லேப்டாப் ரிப்பேர், கம்ப்யூட்டர் பாகங்கள். முதல் கடையிலேயே வாங்காதீங்க, மூணு கடை கேளுங்க. சார்ஜரிலும் பவர் பேங்கிலும் பிஐஎஸ் முத்திரையும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கான்னு பாருங்க. பில்லில் சீரியல் நம்பர் எழுதி வாங்குங்க. இல்லன்னா வாரன்டின்னு கடைக்காரர் சொல்றது வாய்வார்த்தைதான்.

கோயம்பேடு: சமைச்சுச் சாப்பிடற பேச்சிலர்களுக்கு. வாரம் ஒரு நாள் காலையில ஒருத்தர் போய் காய்கறி எடுத்துட்டு வந்து செலவைப் பங்கு போட்டா, தினமும் ஆப்ல ஆர்டர் பண்ணும்போது விழற டெலிவரி சார்ஜ் மிச்சம்.

ஆடித் தள்ளுபடிக்கும் மால்ல போடற சீசன் முடிவு சேலுக்கும் ஒரே விதி. விலையைப் பார்த்துட்டு தேவையை யோசிக்கக் கூடாது. தேவையை எழுதி வெச்சுட்டு விலை இறங்கக் காத்திருக்கணும்.

கார்டைத் தேய்ச்சா என்ன ஆகும்?

என் 18,400-க்கே வருவோம். குறைந்தபட்சத் தொகைன்னு 5 சதவீதம், அதாவது 920 ரூபாய் மட்டும் கட்டினேன். மாச வட்டி 3.5 சதவீதம்னா 644 ரூபாய். அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, 116 ரூபாய். ஆக 760 ரூபாய் வட்டிக்கே சரி. நான் கட்டின 920-ல கடன் குறைஞ்சது சுமாரா 160 ரூபாய்தான். அதோட, பாக்கி இருக்கற வரைக்கும் புதுசா வாங்கற பொருளுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது. வாங்கின நாளிலிருந்தே வட்டி ஓட ஆரம்பிச்சிடும்.

"நோ காஸ்ட் இஎம்ஐ"யும் முழுசா இலவசம் இல்லை. பல கார்டுகள்ல ப்ராசஸிங் ஃபீஸ் இருக்கு, வட்டிப் பகுதிக்கு ஜிஎஸ்டியும் வரும். ஓகே கொடுக்கறதுக்கு முன்னாடி மொத்தமா எவ்வளவு கட்டணும்னு பாருங்க.

நான் இப்போ பண்றது

சம்பளம் வந்த அன்னிக்கே 3,000 ரூபாயை வேற ஒரு சேமிப்புக் கணக்குக்கு மாத்திடுவேன். என் யூபிஐ அந்தக் கணக்கோட மட்டும்தான் இணைஞ்சிருக்கு. ஷாப்பிங், மால், சினிமா எல்லாம் அதுலதான். அது தீர்ந்தா அந்த மாசம் கடை மூடியாச்சு. மிச்சமிருந்தா அடுத்த மாசத்துக்குச் சேரும், தீபாவளிக்குக் கைகொடுக்கும்.

போன்ல ஒரு லிஸ்ட் இருக்கு. எது வேணும்னு தோணினாலும் தேதியோட அதுல எழுதிடுவேன். மூணு நாள் கழிச்சும் வேணும்னு தோணினாத்தான் வாங்குவேன். அந்த லிஸ்ட்ல பாதிக்கு மேல நானே அடிச்சிருக்கேன்.

கடைசியா, எங்கே வாங்கினாலும் பில் கேட்டு வாங்குங்க. குறையுள்ள பொருளை, பில்லில் போட்டிருக்கற காலத்துக்குள்ள, எதுவும் போடலைன்னா 30 நாளுக்குள்ள, திருப்பி எடுக்க மறுத்தா அது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி முறையற்ற வணிகம். கடைச் சுவத்துல "ரிட்டர்ன் கிடையாது"ன்னு எழுதியிருந்தாலும் நீங்க கேட்கலாம். எம்ஆர்பி-க்கு மேல விலை கேட்டாலும் புகார் பண்ணலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

போன தீபாவளிக்கு தி.நகர்லயே அம்மாவுக்கு ஒரு பட்டுப் புடவை எடுத்தேன். அந்தக் கணக்குல சேர்ந்த காசுதான். "எவ்வளவுப்பா?"ன்னு அம்மா வழக்கம்போலக் கேட்டாங்க. இந்த தடவை சரியான விலையைச் சொன்னேன், கூடவே "கடன் இல்லம்மா"ன்னும் சொன்னேன். ஒண்ணும் பேசாம உள்ளே போய்க் கட்டிக்கிட்டு வந்தாங்க.

இந்த சனிக்கிழமை மாலுக்குப் போறீங்களா? தாராளமா போங்க, நல்லா சுத்துங்க. வாங்க வேண்டியதை மட்டும் லிஸ்ட்ல எழுதிட்டு வந்துடுங்க.