ஸ்டார் ஹோட்டலில் முதல் ஸ்டேக்: வேட்டி முதல் பில் வரை, கூச்சப்படாமல் கேட்க வேண்டிய கேள்விகள்

அப்பா, அம்மாவுக்கு 30-வது திருமண நாள். நத்தத்தில் இருந்து மதுரைக்குக் கூட்டிட்டுப் போய், ஒரு நட்சத்திர ஹோட்டலில் டின்னர் வாங்கிக் கொடுக்கணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை. வேலைக்குச் சேர்ந்த பிறகு எனக்கு நானே போட்டுக்கொண்ட பட்டியலில் அதுவும் ஒன்று. போன மாதம் அது நடந்தது.

அங்கே போனதும் ஒரு விஷயம் புரிந்தது. சம்பளம் வாங்குறோம், கார்டு இருக்கு, ரீல்ஸில் நூறு ஹோட்டல் பார்த்திருக்கோம். ஆனாலும் மெனு கார்டைக் கையில் வாங்கியதும் வாய் மூடிக்கொள்கிறது. 'கேட்டா தெரியாதவன்னு நினைச்சிருவாங்களோ' என்கிற பயம்தான். அந்தப் பயத்துக்குக் கொடுக்கும் விலை, சில நேரம் பில்லில் வரும். சில நேரம் தட்டிலேயே வரும்.

முதல் முறை போகிறவர்களுக்காக, படிப்படியாகப் பார்ப்போம்.

வேட்டி கட்டிட்டுப் போகலாமா?

கிளம்பும்போது அப்பா கேட்ட முதல் கேள்வி இதுதான். "பேன்ட் போடணுமா பாப்பா?"

தாராளமாக வேட்டியில் போகலாம். 2014 ஜூலையில், சென்னை சேப்பாக்கத்தில் உள்ள கிரிக்கெட் சங்க கிளப்பில் நடந்த நிகழ்ச்சிக்கு வேட்டியில் போன உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. அது பெரிய சர்ச்சையாகி, அடுத்த மாதமே சட்டப்பேரவையில் தனிச் சட்டம் வந்தது. கிளப், சங்கம், அறக்கட்டளை, நிறுவனம் போன்றவற்றின் பொது இடங்களில், வேட்டி உள்ளிட்ட பாரம்பரிய உடை அணிந்திருக்கிறார் என்பதற்காக மட்டும் யாரையும் தடுக்கக் கூடாது. மீறினால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். ஷார்ட்ஸ், ரப்பர் செருப்பு போன்றவற்றுக்குச் சில இடங்களில் கட்டுப்பாடு இருக்கும். டேபிள் புக் செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

ஸ்டேக் என்றால் என்ன?

முதலில் உச்சரிப்பு. 'ஸ்டீக்' இல்லை, 'ஸ்டேக்'. மசாலாவில் கொதிக்க வைக்காமல், தடிமனான ஒரே துண்டு இறைச்சியை அதிக சூட்டில், குறைந்த நேரத்தில் சுட்டு எடுப்பது. பெருநகர ஹோட்டல்களில் இதற்கென்றே தனி ஸ்டேக் ஹவுஸ் இருக்கும். மற்ற ஊர்களில் மெனுவின் 'கிரில்' பகுதியில் தேடுங்கள்.

நம்ம ஊர் சுக்காவுக்கும் இதற்கும் அடிப்படையே வேறு. நாம் வாங்கும் தொடைக்கறி, அதிகம் உழைத்த தசை. அதில் கொலாஜன் என்கிற இணைப்புத் திசு நிறைய. அதை மெதுவாக, நேரமெடுத்து வேகவைத்தால்தான் கறி பஞ்சு மாதிரி ஆகும். ஸ்டேக்கில் விலை கூடிய 'டெண்டர்லாயின்' என்பது முதுகெலும்பை ஒட்டி உள்பக்கம் இருக்கும், அதிகம் வேலை செய்யாத தசை. இயல்பிலேயே மிருதுவானது. அதை ரொம்ப நேரம் வேகவைத்தால் மாறாக வறண்டு போகும்.

விலை ஏன் அவ்வளவு? ஒரு முழு மாட்டிலேயே இந்தப் பகுதி இரண்டு நீளத் துண்டுகள்தான் கிடைக்கும். பாதி விலை அந்த அருமைக்கு, மீதி அந்த ஏசி ஹாலுக்கு.

எந்த இறைச்சி? கட்டாயம் கேளுங்கள்

நான் தப்பு செய்த இடம் இதுதான். மெனுவில் 'டெண்டர்லாயின் ஸ்டேக்' என்று மட்டும் இருந்தது. பெயர் நல்லா இருக்கேன்னு அப்பாவுக்கு அதையே சொல்லிட்டேன்.

அப்பா ஆர்டர் எடுத்தவரைப் பார்த்து சாதாரணமாகக் கேட்டார்: "தம்பி, இது என்ன கறி?"

எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் உள்ளே போய்க் கேட்டு வந்து, "எருமை சார்" என்றார். அப்பா மாட்டுக்கறி, எருமைக்கறி சாப்பிட மாட்டார். அவர் கேட்காமல் இருந்திருந்தால், திருமண நாள் அன்று அந்தத் தட்டு அவர் முன்னால் வந்திருக்கும். ஆர்டர் செய்தது நான்.

மெனுவில் வெறும் 'டெண்டர்லாயின்' என்றோ 'பீஃப்' என்றோ இருந்தால், இந்தியாவில் பெரும்பாலும் அது எருமை இறைச்சி. தமிழ்நாட்டில் மாட்டிறைச்சி சாப்பிடத் தடை இல்லை. 1958-ம் ஆண்டுச் சட்டப்படி, உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் தகுதியில்லாத மாடுகளையே சான்றிதழ் பெற்று வெட்ட முடியும். சாப்பிடுவதும் சாப்பிடாததும் அவரவர் விருப்பம். ஆனால் என்ன சாப்பிடுகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். சிக்கன், மீன், ஆட்டுக்கறி, காளான், பனீர் என எல்லாவற்றிலும் ஸ்டேக் வரும்.

எவ்வளவு வேகணும்?

அடுத்து வரும் கேள்வி: "எப்படி வேணும்? மீடியம் ரேர், மீடியம், வெல் டன்?"

* ரேர்: உள்ளே நல்ல சிவப்பு, சுமார் 50 டிகிரி செல்சியஸ்
* மீடியம் ரேர்: நடுவில் இளஞ்சூடான சிவப்பு, சுமார் 55 டிகிரி
* மீடியம்: இளஞ்சிவப்பு, சுமார் 60 டிகிரி
* வெல் டன்: முழுக்க வெந்தது, 70 டிகிரிக்கு மேல்

வெட்டும்போது வடியும் சிவப்புத் திரவம் ரத்தம் இல்லை. தசையில் இருக்கும் மையோகுளோபின் என்ற புரதம் கலந்த நீர். பாதுகாப்பு விஷயத்தில், முழுத் துண்டு இறைச்சிக்கு 63 டிகிரியில் வேகவைத்து 3 நிமிடம் ஆற விட வேண்டும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் பரிந்துரை. சிக்கனுக்கு 74 டிகிரி. கர்ப்பிணிகள், வயதானவர்கள், குழந்தைகள் இருந்தால் யோசிக்காமல் 'வெல் டன்' சொல்லுங்கள். அப்படிச் சொன்னால் ரசனை இல்லாதவர் என்று அர்த்தம் இல்லை.

கத்தி, முள்கரண்டி சரியாக வரவில்லையா? "கிச்சன்லயே வெட்டிக் கொடுங்க" என்று சொல்லலாம். அம்மா சிக்கன் ஸ்டேக்கை அப்படித்தான் வாங்கினார். அப்பா மீன். இரண்டையும் கையால்தான் சாப்பிட்டார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பில் வந்தாச்சு. எதைப் பார்க்கணும்?

முதலில் ஜிஎஸ்டி. தெருமுனை ஓட்டலில் 5 சதவீதம். நட்சத்திர ஹோட்டலில் 18 சதவீதம் வரலாம். முந்தைய நிதியாண்டில் ஒரு நாளைக்கு 7,500 ரூபாய்க்கு மேல் அறை வாடகை வாங்கிய ஹோட்டல் என்றால், அதற்குள் இருக்கும் உணவகத்துக்கும் 18 சதவீதம்தான். இது 2025 ஏப்ரல் முதல் உள்ள விதி. இந்த வரியைக் குறைக்கச் சொல்லி வாதாட முடியாது.

அடுத்தது சர்வீஸ் சார்ஜ். இது அரசு வரி இல்லை. ஹோட்டலே போட்டுக்கொள்வது. இதை பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது என்று 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச் 28-ல் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. உணவகச் சங்கங்கள் மேல்முறையீட்டுக்குப் போயிருக்கின்றன.

ஒரு கணக்கு. சாப்பாடு 5,000 ரூபாய் என்றால், 18 சதவீத ஜிஎஸ்டி 900. மொத்தம் 5,900. இதில் 10 சதவீத சர்வீஸ் சார்ஜ் 500 சேர்த்து, அதற்கும் ஜிஎஸ்டி போட்டால் மொத்தம் 6,490. வித்தியாசம் 590 ரூபாய்.

எங்கள் பில்லிலும் அந்த வரி இருந்தது. இந்த முறை நான் கேட்டேன். "சர்வீஸ் சார்ஜை எடுத்துடுங்க." இரண்டு நிமிடத்தில் புது பில் வந்தது. எடுக்க மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம். சேவை பிடித்திருந்தால் டிப்ஸ் கொடுப்பது உங்கள் இஷ்டம். நாங்களும் கொடுத்தோம், எங்களுக்காக உள்ளே போய்க் கேட்டு வந்தவருக்கு.

இன்னொன்று, தண்ணீர் பாட்டில். எம்ஆர்பி-க்கு மேல் வாங்கினால் சண்டை போட வேண்டாம். ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிடுவது வெறும் பொருள் விற்பனை இல்லை, சேவையும் சேர்ந்தது என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உட்கார்ந்ததும் "சாதாரணத் தண்ணி போதும்" என்று சொல்லிவிடுவதே வழி.

கடைசியாக ஒன்று

திரும்பும்போது, 2023-ல் திறந்த நத்தம் ரோடு பறக்கும் பாலத்தில் கார் போய்க்கொண்டிருந்தது. "அங்க எப்படிப்பா கூச்சமே இல்லாம கேட்டீங்க?" என்றேன்.

"நம்மூர் கறிக்கடையில என்ன ஆடு, எந்தப் பக்கம், எப்ப வெட்டுனதுன்னு கேட்காம அரைக்கிலோ வாங்குவோமா? இது அதைவிட விலை அதிகம். கேட்காம எப்படி?" என்றார்.

அம்மா பின் சீட்டில் இருந்து, "மீன் நல்லா இருந்துச்சுல்ல, அதைச் சொல்லுங்க" என்றார்.

நல்லா இருந்தது என்று அப்பா ஒத்துக்கொண்டார். காரம் மட்டும் பத்தவில்லையாம்.