கடல் கடக்குமுன் பத்தாம் வகுப்பைக் கடக்கட்டும்

காவிரிக்கு அக்கரையில் பவானி, இக்கரையில் குமாரபாளையம். நாமக்கல் மாவட்டத்தின் இந்த நெசவு நகரில் விடியுமுன்பே விசைத்தறிகளின் ஓசை தொடங்கிவிடும். இங்கு நெய்யப்படும் கைலி வெளியூர்களுக்கும் வெளிநாடுகளுக்கும் செல்கிறது. ஒரு கட்டுக் கைலி கப்பலேற வேண்டுமானால் விலைப்பட்டியல், ஒப்பந்தம், காப்பீடு என எத்தனையோ தாள்கள் உடன் செல்ல வேண்டும். அதே தறியில் நின்ற பிள்ளை புறப்படும்போது மட்டும், யாரோ ஒருவர் கைபேசியில் அனுப்பிய விசாத் தாள் ஒன்றே போதுமென நம் வீடுகளில் எண்ணிவிடுகிறோம்.

கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களின் நிலை வேறு. 'சபுர்' போவது அங்கே தலைமுறை வழக்கம். பினாங்கில் 1801-லும் சிங்கப்பூரில் 1826-லும் பள்ளிவாசல் எழுப்பும் அளவுக்குத் தமிழ் முஸ்லிம்கள் அந்நாடுகளில் வேரூன்றியிருந்தனர். முன்பே சென்ற மாமனோ மச்சானோ அடுத்தவனை அழைத்துக்கொள்வார். சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நமக்கு அத்தகைய உறவுத் தொடர் குறைவு. அந்த வெற்றிடத்தில்தான் முகவர் வந்து அமர்கிறார்.

விசைத்தறிப் பகுதியில் 'முன்பணம்' என்ற சொல்லை அறியாதார் இல்லை. திருமணத்திற்கோ மருத்துவத்திற்கோ தறி உரிமையாளரிடம் ஒரு தொகை பெறுகின்றனர். அது தீரும்வரை வேறு பட்டறைக்கு மாற இயலாது. தந்தை வாங்கிய பணத்திற்காகப் பள்ளிப் படிப்பை இடையில் விட்டுத் தறிக்கு வரும் பிள்ளைகளும் உண்டு. "அத்தா கடன் தீரணும்னா நான் வெளிநாடு போனாத்தான் ஆகும்" என்று ஓர் இளைஞர் கூறக் கேட்டேன். நியாயமான ஆசைதான். ஆனால் முகவருக்குக் கொடுக்க வட்டிக்கு வாங்கும் பணமும் ஒரு முன்பணமே அல்லவா? தறிக்காரரிடம் பட்ட கடனையாவது உள்ளூரில் பேசித் தீர்க்கலாம். பாலைவனத்தில் நின்றுகொண்டு யாரிடம் பேசுவது?

பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் கடவுச்சீட்டில் 'ஈ.சி.ஆர்.' என்று அச்சிடப்படும். குடிபெயர்வு அனுமதி தேவை என்பது அதன் பொருள். சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், குவைத், ஓமான், பஹ்ரைன், மலேசியா முதலிய குறிப்பிட்ட நாடுகளுக்கு இவர்கள் வேலைக்குச் செல்வதாயின், 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதியைப் பெற வேண்டும். பலர் இதனை அவமானமாகவும் இடையூறாகவும் கருதுகின்றனர். உண்மையில் இது ஏழைக்கு இடப்பட்ட வேலி. வேலை ஒப்பந்தமும் ஊதியமும் இங்கே ஆராயப்படுகின்றன. பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்னும் காப்பீடும் இவர்களுக்குக் கட்டாயம். விபத்தில் உயிரிழப்போ நிரந்தர ஊனமோ நேர்ந்தால் 10 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். 2017-இல் திருத்தப்பட்ட திட்டத்தில் இதற்கான கட்டணம் இரண்டாண்டுக்கு 275 ரூபாய், மூன்றாண்டுக்கு 375 ரூபாய், வரி தனி.

"இவ்வளவு அலைச்சல் எதற்கு, விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று முகவர் சொன்னால், அவர் அந்த வேலியைப் பிடுங்கி எறிகிறார் என்று கொள்க. சுற்றுலா விசாவில் சென்றவருக்கு ஒப்பந்தமும் இல்லை, அந்தக் காப்பீடும் இல்லை. தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் புறப்பட்ட தமிழ் இளைஞர்கள் 2022-இல் மியான்மரின் மியாவாடிப் பகுதியில் இணைய மோசடிக் கும்பலிடம் சிக்கியதை நாடே அறியும். அவர்களில் பட்டதாரிகளும் இருந்தனர். ஆகவே பத்தாம் வகுப்புத் தேர்ச்சி தானாகக் காப்பாற்றிவிடும் என்று நான் சொல்லவில்லை. தேறியவருக்குப் பாதுகாவலரின் சரிபார்ப்பு இல்லாமையால், சரிபார்க்கும் பொறுப்பு அவர் தலைமேலேயே விழுகிறது.

பிறகு ஏன் அந்தச் சான்றிதழை வற்புறுத்த வேண்டும்? தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் பிரிவுகளில் சேர அது வேண்டும். சுமை தூக்கப் போகிறவருக்கும் மின்பணியாளராகப் போகிறவருக்கும் ஊதியத்தில் மட்டுமன்று, நடத்தப்படும் விதத்திலேயே வேறுபாடு உண்டு. படிப்பை விட்டுப் பல ஆண்டுகள் ஆனவரும் தனித்தேர்வராக எழுதலாம். 1989-இல் தொடங்கப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகவும் தேறலாம். தறியில் இரவு முறை பார்ப்பவர் பகலில் படிப்பது கடினமே. இருபத்தைந்து வயதில் பள்ளிப் புத்தகத்தைத் தொட வெட்கப்படுவதுதான் அதைவிடப் பெருந்தடை என்பது என் எண்ணம்.

முகவரைத் தேர்வதில் ஒரு சொல். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்க மத்திய அரசின் பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்தப் பதிவெண்ணை 'இ-மைக்ரேட்' இணையத்தளத்தில் சரிபார்க்கலாம். 'அவருடைய ஆள்' என்று வரும் துணை முகவருக்குச் சட்டத்தில் இடமில்லை. பதிவு பெற்றவரும் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் தவிர அதிகம் பெறலாகாது. ரசீது தர வேண்டும். தமிழக அரசே 1978-இல் நிறுவிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. செவிலியர், ஓட்டுநர், தொழில்நுட்பப் பணியாளர் போன்றோர் அதில் பதிந்து வைத்தல் நன்று.

மேற்படிப்பை நாடும் பிள்ளைகளுக்கும் வழி அடைந்துவிடவில்லை. சிறுபான்மையினரின் வெளிநாட்டுக் கல்விக் கடனுக்கு வட்டி மானியம் அளித்த 'படோ பர்தேஷ்' திட்டம் 2022-23-இல் நிறுத்தப்பட்டது நமக்கு இழப்பே. ஆயினும் ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. வாழ்க்கைச் செலவுக்கான தொகையை முன்கூட்டியே வங்கியில் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அது ஆண்டுக்கு 11,904 யூரோவாக உயர்த்தப்பட்டது. மதரஸா மாணவர்களுக்கு 1961-இல் நிறுவப்பட்ட மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகம் உதவித்தொகையுடன் இடமளிக்கிறது. மலேசியாவில் 1983-இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் பொறியியலும் பொருளியலும் ஆங்கிலத்திலேயே பயிலலாம்.

தொண்டு செய்ய விரும்புவோருக்கு 1970-இல் ஐ.நா. பொதுச்சபை உருவாக்கிய ஐ.நா. தொண்டர் அமைப்பு உண்டு. விண்ணப்பத்திற்குக் கட்டணம் கேட்பதில்லை; கேட்டால் அது வேறு யாரோ. வீட்டிலிருந்தபடியே இணையம் வழி மொழிபெயர்ப்பு, வடிவமைப்பு முதலிய பணிகளைச் செய்யவும் அதில் வாய்ப்பிருக்கிறது. கல்லூரி முடித்துத் திருமணத்திற்குக் காத்திருக்கும் நம் பெண்மக்கள் இதனைக் கவனிக்க வேண்டும்.

எந்த வழியில் புறப்பட்டாலும் சரி, கடவுச்சீட்டு, விசா, ஒப்பந்தம், முகவரின் பதிவெண், கொடுத்த பணத்தின் ரசீது ஆகியவற்றின் நகல்களைத் தாயிடமோ மனைவியிடமோ கொடுத்துச் செல்லச் சொல்லுங்கள். மத்திய அரசின் உதவி மையத் தொலைபேசி எண் 1800 11 3090 என்பதையும் அந்த உறையின் மேலேயே எழுதி வையுங்கள்.