பெலும் குகைக்குள் நாங்கள் நால்வர்

சமையல் மேடையில் எலுமிச்சம்பழச் சாறு சிந்தி, உடனே துடைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று நம் வீட்டுப் பெண்மணிகளைக் கேட்டுப் பாருங்கள். மேடை கடப்பாக்கல்லாக இருந்தால் சாறு பட்ட இடம் மட்டும் பளபளப்புப் போய் வெளுத்துத் தெரியும். கடப்பாக்கல் என்பது கறுப்புச் சுண்ணாம்புக்கல். புளிப்பு எதுவானாலும் அதை அரிக்கும். இந்த ஒரு சின்ன விஷயத்தைக் கொண்டே இயற்கை மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஒரு குகையைக் குடைந்திருக்கிறது.

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டத்தில், விடுமுறைக்குக் குழந்தைகளை எங்கே அழைத்துப் போகலாம் என்று பேச்சு வந்தது. நான் பெலும் குகை என்றேன். "அங்கே என்ன சார் இருக்கிறது?" என்று பலரும் கேட்டார்கள். அதற்குப் பதிலாகத்தான் இந்தக் கட்டுரை.

மலை இல்லாத குகை

ஆந்திராவில் அப்போதைய கர்நூல் மாவட்டத்தில் (2022 முதல் நந்தியால் மாவட்டம்) கொலிமிகுண்ட்லாவுக்கு அருகில் இருப்பது பெலும் கிராமம். தாடிப்பத்திரி ரயில் நிலையத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். குகை என்றதும் நாம் மலையைத் தேடுவோம். இங்கே மலையே கிடையாது. சமதளமான நிலத்தில் கிணறு போல வாய் பிளந்த குழிகள்தான் இருக்கும். அவற்றில் ஒன்றில் இறங்கினால் குகை.

இதைப் பற்றி முதலில் எழுதி வைத்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற ஆங்கிலேய நிலவியலாளர், 1884ல். 1863ல் சென்னைப் பல்லாவரத்தில் கற்கால மனிதனின் கல்லாயுதத்தைக் கண்டெடுத்தவரும் இவரே. அதற்குப் பிறகு சுமார் நூறாண்டுகள் யாரும் கவனிக்கவில்லை. 1980களின் தொடக்கத்தில் டேனியல் கெபாவர் என்ற ஜெர்மானியர் தலைமையில் ஒரு குழு வந்து குகையை முறையாக ஆராய்ந்தது. மொத்த நீளம் 3,229 மீட்டர். மிக ஆழமான இடமான பாதாளகங்கை தரையிலிருந்து 46 மீட்டர் கீழே இருக்கிறது.

தண்ணீர் என்னும் கான்டிராக்டர்

நாங்கள் ரயில்வேயில் ஒரு டன்னல் போட வேண்டுமானால் துளை போட்டு, வெடி வைத்து, இடிபாட்டை அள்ளி, மேற்கூரைக்குத் தாங்கல் கொடுத்து, மாதக்கணக்கில் பாடுபட வேண்டும். இங்கே எல்லா வேலையையும் தண்ணீரே செய்திருக்கிறது.

மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக் கொண்டு கீழே இறங்குகிறது. அதனால் அதற்கு மிக லேசான அமிலத்தன்மை வந்துவிடுகிறது, சோடாவில் இருப்பது போல. அந்த நீர் பாறையின் விரிசல்களில் புகுந்து, சுண்ணாம்பைக் கரைத்துக் கரைத்து விரிசலைச் சந்தாக்குகிறது, சந்தை மண்டபமாக்குகிறது. இதற்கு லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகும்.

பிறகு நிலத்தடி நீர் கீழே இறங்கிவிட, குகைக்குள் காற்று நுழைகிறது. இப்போது வேலை தலைகீழாகிறது. கூரையிலிருந்து சொட்டும் நீர் கரியமில வாயுவை வெளியே விட்டுவிடுவதால், கரைந்திருந்த சுண்ணாம்பு படியத் தொடங்குகிறது. போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதே கதைதான். கூரையிலிருந்து தொங்குவது கல்விழுது. சொட்டு விழுந்த இடத்தில் தரையிலிருந்து எழும்புவது கல்முளை. இரண்டும் சேர்ந்தால் தூண். இவை வளரும் வேகம் சாதாரணமாக ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். ஒரு சாண் விழுது வளர இரண்டாயிரம் ஆண்டு என்று வைத்துக் கொள்ளுங்கள்.

1994ல் நடந்தது

அப்போது எனக்கு வேலை குண்டக்கல் கோட்டத்தில். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும், சிக்னல் பிரிவில் இருந்த ஒரு தெலுங்கு நண்பரும், பள்ளி ஆசிரியரான ஒரு தமிழ் நண்பரும் கிளம்பினோம். வழிகாட்ட ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்தார். ஏற்பாடு என்று பார்த்தால் மூன்று டார்ச், ஒரு பெட்ரோமாக்ஸ், வழியில் அடையாளம் போட ஒரு சுண்ணக்கட்டி. வீட்டில் "தாடிப்பத்திரி கோயிலுக்குப் போகிறோம்" என்று மட்டும் சொல்லியிருந்தோம்.

குழி வாயில் ஊர்க் குப்பை கொட்டிக் கிடந்தது. அதைத் தாண்டி ஏணியில் இறங்கினோம். முதலில் கிடைத்த கூடங்கள் விசாலமாகவே இருந்தன. சுவர்களில் தண்ணீர் ஓடிய வரி வரியான தடங்களைத் தொட்டுப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. போகப் போக வழி குறுகியது. சில இடங்களில் தவழ்ந்தோம். புழுக்கத்தில் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது.

முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் மங்கியது. பம்ப் அடித்தேன், ஏறவில்லை. சிக்னல் நண்பர் தலை வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டார். அவருக்கு மேல்மூச்சு வாங்கியது. பெரியவர் உடனே, "வெனக்கி பதண்டி, பாபு" என்றார். திரும்பிப் போகலாம் என்று பொருள்.

அப்போது நான் சொன்னதை இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. "இன்னும் பத்து நிமிஷம். பாதாளகங்கையைப் பார்த்துவிட்டே போவோம். அவர் இங்கேயே உட்கார்ந்திருக்கட்டும்" என்றேன். பெரியவர் என்னோடு வாதம் செய்யவில்லை. பெட்ரோமாக்ஸை வாங்கி அணைத்துவிட்டு, நண்பரின் கையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தார். வேறு வழியின்றி நாங்களும் பின்னால் போனோம்.

வழி இரண்டாகப் பிரியும் ஓரிடத்தில் சுண்ணக்கட்டி அடையாளம் இல்லை. வரும்போது போட மறந்திருக்கிறோம். போகும்போது பார்த்த வழி திரும்பும்போது வேறு மாதிரி தெரியும் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. பெரியவர் டார்ச்சைத் தரையோடு பிடித்து, ஈரமண்ணில் எங்கள் காலடித் தடத்தைத் தேடிக் கண்டுபிடித்தார். மேலே வந்ததும் நண்பர் வாந்தி எடுத்தார். அரை மணி நேரம் மர நிழலில் படுத்த பிறகே தெளிந்தார்.

காரணத்தைப் பிறகு யோசித்துப் பார்த்தேன். காற்றோட்டம் இல்லாத தாழ்ந்த இடங்களில் காற்றைவிடக் கனமான கரியமில வாயு தேங்கும். பாழுங்கிணற்றில் தூர் வார இறங்குகிறவர்கள் மயங்கி விழுவது இதனால்தான். போதாததற்கு, நான்கு பேர் மூச்சு விடும் இடத்தில் பெட்ரோமாக்ஸ் வேறு இருந்த பிராணவாயுவைத் தின்றுகொண்டிருந்தது. டன்னல் வேலையில் காற்றுக்குத்தான் முதலிடம் என்று படித்தவன் நான். படிக்காத பெரியவர் செய்ததை நான் செய்யவில்லை.

இன்றைய பெலும்

1999ல் ஆந்திர சுற்றுலாத் துறை வேலையைத் தொடங்கி, 2002ல் குகையைப் பொதுமக்களுக்குத் திறந்தது. படிக்கட்டு, மின்விளக்கு, உள்ளே காற்றுச் செலுத்தும் ஏற்பாடு எல்லாம் வந்தன. சுமார் ஒன்றரை கிலோமீட்டர் தூரம் பார்வையாளர்கள் போகலாம். 2004ல் மனைவி, மகளுடன் போய்ப் பாதாளகங்கையைப் பார்த்தேன். சிறு ஓடைதான். பாறைக்கடியில் வந்து பாறைக்கடியிலேயே மறைகிறது. ஆலம்விழுதுகள் போல் கல் தொங்கும் இடமும், தட்டினால் இசை எழும்பும் கற்கள் உள்ள கூடமும் உண்டு.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். உள்ளே புழுக்கம் அதிகம். பருத்தி ஆடையும் தண்ணீரும் அவசியம். ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் ஆழமான பகுதிக்குப் போக வேண்டாம். கல்விழுதுகளைத் தொடாதீர்கள். கையிலுள்ள எண்ணெய்ப்பசை படிந்தால் அவற்றின் வளர்ச்சி பாதிக்கப்படும். தாடிப்பத்திரியில் விஜயநகரக் காலத்துக் கோயில்கள் இரண்டு இருக்கின்றன. அவற்றையும் பார்த்துவிடலாம்.

உங்கள் பிள்ளைகள் மேகாலயா போன்ற இடங்களில் விளக்கு போடாத குகைகளுக்குப் போக ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள். அங்கே கிரெம் லியாட் ப்ரா என்ற குகை 30 கிலோமீட்டருக்கும் மேல் நீளமானது. ஆனால் அனுபவசாலி ஒருவர் கூட வர வேண்டும். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக மூன்று விளக்குகள் இருக்க வேண்டும். எந்தக் குகைக்குப் போகிறோம், எத்தனை மணிக்கு வெளியே வருவோம் என்று வெளியில் ஒருவரிடம் சொல்லி வைக்க வேண்டும். எரியும் விளக்கு வேண்டாம். விளக்கு எரிகிறதே, காற்று நல்லதுதான் என்று நம்பவும் வேண்டாம். விளக்கு அணைவதற்கு முன்பே மனிதனுக்குத் தலை வலிக்கத் தொடங்கிவிடும். ஒருவருக்கு முடியவில்லை என்றால் எல்லோரும் திரும்பிவிட வேண்டும்.

அன்று பாதாளகங்கையைப் பார்க்காமல் திரும்பியதால்தான் பத்து வருஷம் கழித்து அதை மகளுக்குக் காட்ட நான் இருந்தேன்.