மருந்து அட்டையில் தேதி பாருங்கள்

வீட்டில் ஒருவருக்குக் கடுமையான காய்ச்சல். நர்சிங் ஹோமில் சேர்க்கிறோம். சிஸ்டர் ஒரு சீட்டு தருகிறார். கடைக்கு ஓடுகிறோம். ஊசி மருந்தும் மாத்திரையும் வாங்கி வருகிறோம். அப்படியே சிஸ்டர் கையில் கொடுக்கிறோம். அட்டையில் உள்ள தேதியைப் பார்க்கிறோமா?

மருந்துக்கும் ஆயுள் உண்டு. ஆயுள் முடிந்தால் அது காலாவதியான மருந்து. அதன் வீரியம் குறையலாம். நோய் குணமாகாமல் முற்றிவிடலாம். சில மருந்துகள் கெட்டுப்போய் உடம்புக்குக் கேடும் செய்யும்.

அட்டையில் ஆங்கிலம்தானே இருக்கிறது என்கிறீர்களா? எண் படிக்கத் தெரிந்தால் போதும். அதில் இரண்டு தேதிகள் இருக்கும். முந்தியது மருந்து செய்த தேதி. பிந்தியது காலாவதி தேதி. 05/2024 என்றும் 04/2026 என்றும் இருக்கிறதா? 2026 ஏப்ரல் 30 வரை அந்த மருந்தைப் பயன்படுத்தலாம். மே 1 முதல் கூடாது. சில அட்டைகளில் மாதத்தின் பெயர் ஆங்கிலத்தில் இருக்கும். கடைக்காரரைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். எழுத்தும் எறும்பு போலப் பொடியாக இருக்கும். படித்தவர்களே கண்ணைச் சுருக்கித்தான் பார்க்கிறார்கள்!

நாலு மாத்திரை கேட்டால் அட்டையை வெட்டித் தருவார்கள். தேதி உள்ள துண்டு கடையிலேயே நின்றுவிடும். வெட்டும் முன்பே பார்த்துவிடுங்கள். பில்லையும் கேட்டு வாங்குங்கள்.

காலாவதியான மருந்தை விற்பது சட்டப்படி குற்றம். திருப்பி அனுப்ப வைத்திருந்தாலும், கடைக்காரர் அதைத் தனிப் பெட்டியில் வைக்க வேண்டும். 'விற்பனைக்கு அல்ல' என்று பெட்டிமேல் எழுத வேண்டும். ஆனாலும் 2010ஆம் ஆண்டு சென்னையில் என்ன நடந்தது தெரியுமா? குப்பை மேட்டில் கொட்டிய பழைய மருந்தை எடுத்தார்கள். புதுத் தேதி போட்டு விற்றார்கள். போலீஸ் பிடித்தது. ஆகவே, தேதியைச் சுரண்டியோ மேலே சீட்டு ஒட்டியோ இருந்தால் வாங்காதீர்கள்.

நர்சிங் ஹோமிலேயே மருந்து கொடுத்தால்? அங்கேதான் நம் வாய் அடைத்துப் போகிறது. "சிஸ்டர், தேதியை ஒரு தடவை பார்த்துக்கறேன்" என்று கேளுங்கள். ஊசி போடும் முன் தேதி பார்ப்பது அவர்கள் வேலையும்தான். நல்ல சிஸ்டர் கோபப்பட மாட்டார்.

தேதி எல்லாம் மூடி திறக்காத மருந்துக்குத்தான். கண் சொட்டு மருந்தைத் திறந்தால், பெரும்பாலும் ஒரு மாதம்தான். தண்ணீர் கலந்து தரும் குழந்தை மருந்து சில நாளே தாங்கும். எத்தனை நாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

காலாவதியான மருந்தைக் கொடுத்துவிட்டார்களா? உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். அட்டையையும் பில்லையும் எறியாதீர்கள். மருந்து ஆய்வாளர் என்ற அரசு அதிகாரி இருக்கிறார். அவரிடம் இரண்டையும் காட்டிப் புகார் எழுதிக் கொடுக்கலாம்.