பத்துமலைக்குப் பக்கத்திலேயே ஒரு வெந்நீர் ஊற்று

பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் காலை நிகழ்ச்சியில் நேயர்களிடம் நான் கேட்கும் வழக்கமான கேள்வி, "இந்தத் தடவை எங்கே போறீங்க?" முன்பெல்லாம் கேமரன் மலை, லங்காவி, பினாங்கு என்று பதில் வரும். கொஞ்சம் வசதி இருந்தால் சென்னை, மதுரை. இப்போது ஜப்பான். யாரைக் கேட்டாலும் ஜப்பான். அண்மையில் செந்தூலிலிருந்து அழைத்த ஓர் ஆன்ட்டி, "செர்ரிப் பூவெல்லாம் வேணாம்மா, அந்த வெந்நீர் ஊத்துல ஒரு தடவை உட்காரணும், முட்டி வலி போயிடுமாமே" என்றார். "உங்க வீட்டிலிருந்து இருபது நிமிஷத்துல செலாயாங்குல ஒன்னு இருக்கே ஆன்ட்டி" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "அட, அது வயசானவங்க வாளியோட போய்க் கால் நனைக்கிற இடம்மா!"

அந்தச் சிரிப்புதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். இரண்டு ஊற்றுகளையும் நான் பார்த்திருக்கிறேன். ஜப்பானில் பார்த்தது பெப்பு என்ற கடற்கரை ஊர். கியூஷு தீவின் கிழக்குக் கரையில், ஓய்தா மாநிலத்தில் இருக்கிறது. புக்குவோக்காவில் இறங்கி, அங்கிருந்து விரைவு ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். நானும் அக்காவும் போய் இறங்கியபோது முதலில் கண்ணில் பட்டது கடலும் இல்லை, மலையும் இல்லை. புகை. வீடுகளுக்கு நடுவே, சாலையோரச் சாக்கடை மூடிகளின் இடுக்கில், கடைகளின் பின்புறத்தில் என்று ஊர் முழுக்க வெள்ளை வெள்ளையாய் ஆவி எழுந்துகொண்டிருந்தது. ஏதோ கொசு மருந்து அடிக்கிறார்கள் என்றுதான் அக்கா நினைத்தாள்.

பெப்புவில் 2,000-க்கும் அதிகமான ஊற்றுக்கண்கள் இருக்கின்றன. ஜப்பானில் வேறெந்த ஊரிலும் இவ்வளவு இல்லை. ஊருக்கு முன்னால் பெப்பு வளைகுடா, பின்னால் 1,375 மீட்டர் உயரத்தில் சுருமி மலை. கேபிள் காரில் மேலே போனால் வளைகுடா முழுவதும் காலடியில் தெரியும். கன்னாவா என்ற பகுதியில், ஆவி எழுவதைப் பார்ப்பதற்கென்றே ஒரு மேடை கட்டி வைத்திருக்கிறார்கள். அந்திநேரத்தில் அங்கே நின்று பாருங்கள். நூற்றுக்கணக்கான வீடுகளில் ஒரே நேரத்தில் பொங்கல் பொங்குவது போல இருக்கும்.

'நரகங்கள்' என்று அவர்கள் அழைக்கும் கொதிகுளங்கள் இன்னொரு காட்சி. இவற்றில் குளிக்க முடியாது, பார்க்க மட்டும்தான். 'உமி ஜிகோகு' என்ற கடல் நரகம் 98 டிகிரியில் கொதிக்கிறது. ஆனால் நிறமோ குளிர்ச்சியான நீலம். 'சினோய்கே ஜிகோகு' என்ற இரத்தக் குள நரகம், களிமண்ணில் இருக்கும் இரும்பால் சிவந்து கிடக்கிறது. நம் ஊர்க் கோயில் சுவர்களில் எமலோகம் வரைந்திருப்பார்களே, அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த இடம் ரொம்ப அந்நியமாக இருக்காது. எண்ணெய்க் கொப்பரை மட்டும்தான் பாக்கி. அந்த ஆவியிலேயே முட்டை, மக்காச்சோளம், கோழி எல்லாம் வேகவைத்துத் தருகிறார்கள்.

தக்கேகவாரா குளியலகம் 1879-இல் தொடங்கியது. இப்போது இருக்கும் மரக் கட்டடம் 1938-இல் எழுந்தது. அங்கே பருத்தி அங்கியைக் கொடுத்து, சூடான மணலில் படுக்கவைத்து, கழுத்து வரை மண்வெட்டியால் மூடிவிடுகிறார்கள். பத்துப் பதினைந்து நிமிடம் அப்படியே கிடக்க வேண்டும். என் இதயத் துடிப்பு எனக்கே ஸ்டூடியோ ஹெட்போனில் கேட்பது போலக் கேட்டது.

இந்த ஊரைச் சுற்றுலாத் தலமாக்கியதில் அபுராயா குமாஹாச்சி என்ற ஹோட்டல் முதலாளிக்குப் பெரிய பங்கு உண்டு. ரயில் நிலையத்துக்கு வெளியே, இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு ஓடி வருவது போல அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். 1928-இல் அவர் சுற்றுலாப் பேருந்து ஒன்றைத் தொடங்கி, அதில் பெண் வழிகாட்டிகளை நியமித்தார். ஜப்பானிலேயே அதுதான் முதல் தடவையாம். பயணிகளுக்கு அவர்கள் தாளக்கட்டோடு ஊரை விவரிப்பார்கள். என் தொழிலுக்கு அவர்கள்தாம் மூத்த அக்காமார் என்று நினைத்துக்கொண்டேன்.

சரி, நம் ஊருக்கு வருவோம்.

பத்துமலையிலிருந்து செலாயாங் வெந்நீர்க் குளத்துக்குக் காரில் பதினைந்து நிமிடம்கூட ஆகாது. ரவாங் போகும் சாலையை ஒட்டியே இருக்கிறது. லாரிகளின் இரைச்சலில் கடந்து போகிறவர்கள் பாதிப் பேருக்கு அங்கே அப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாது. மேடை இல்லை, சிலை இல்லை, மணல் குளியல் இல்லை. சூடு குறைந்ததும் கூடியதுமாகச் சில குளங்கள், வாளிகள், பிளாஸ்டிக் முக்காலிகள். காலை ஏழு மணிக்குப் போனால் சீன அங்கிள் ஒருவர் கால்சட்டையை முட்டிவரை சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் ஒரு மலாய் மாக்சிக் தன் அம்மாவின் தோளில் வெந்நீரை ஊற்றிக்கொண்டிருப்பார். நம்மவர்கள் மூன்று நான்கு பேர் பக்கவாதம், முட்டி வலி, பேரப்பிள்ளைகளின் எஸ்.பி.எம். என்று பேசிக்கொண்டிருப்பார்கள். பெப்புவில் யாரும் யாரோடும் பேசவில்லை. இங்கே பேச்சுதான் பாதி வைத்தியம்.

இந்தத் தண்ணீர் ஏன் சுடுகிறது? "எரிமலை இல்லாத ஊர்ல எப்படிக்கா?" என்று நிகழ்ச்சியில் ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. பெப்புவுக்கு அடியில் இருப்பது எரிமலைச் சூடு. நம் தீபகற்பத்தில் உயிருள்ள எரிமலை கிடையாது. ஆனால் தித்திவங்சா மலைத்தொடரின் முதுகெலும்பாக, சுமார் 20 கோடி ஆண்டு பழமையான கருங்கல் பாறை ஓடுகிறது. பெய்யும் மழை அதன் வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்குகிறது. ஒவ்வொரு கிலோமீட்டர் இறங்கும்போதும் பூமியின் சூடு ஏறத்தாழ 25 முதல் 30 டிகிரி கூடும். அங்கே சூடேறிய நீர், பாறை உடைந்த பிளவுகள் வழியாக மறுபடி மேலே வருகிறது. தீபகற்பத்தில் இப்படி அறுபதுக்கும் மேற்பட்ட ஊற்றுகள் இருக்கின்றன. நாம் கால் நனைப்பது என்றோ பெய்த மழையில்.

செத்தாப்பாக்கில் 'ஆயர் பானாஸ்' என்ற பேட்டையின் பெயருக்கே வெந்நீர் என்றுதான் பொருள். அந்தப் பெயர்ப்பலகையைத் தினமும் கடந்து வேலைக்குப் போகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். உலு லங்காட் பக்கம் டூசுன் துவாவில் சாலையோரமாகவே ஒரு வெந்நீர்க் குளம் உண்டு. அதே வழியில் மேலே போனால் சுங்கை காபாய் நீர்வீழ்ச்சி. சூடும் குளிரும் ஒரே நாளில் வேண்டும் என்பவர்கள் அந்தப் பக்கம் போகலாம். பத்தாங் காலிக்கு அருகே உலு தாமுவில் உள்ள குளங்களுக்கு இரவு நேரத்தில் குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள்.

இப்போது, செலாயாங்கில் நான் பார்த்த ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். அறுபது வயதைத் தாண்டிய ஓர் ஐயா, ஓய்வு பெற்ற லாரி ஓட்டுநர், இருப்பதிலேயே சூடான குளத்தில் இரண்டு கால்களையும் விட்டு நிதானமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நான் ஒரு விரலை வைத்துவிட்டு உடனே எடுத்துவிட்டேன். "எப்படி ஐயா தாங்குறீங்க?" என்றேன். "எனக்குச் சுடவே இல்லையேம்மா. பதினைஞ்சு வருஷமா இனிப்பு நீர். காலு மரமரன்னு இருக்கு. இந்த மரப்பு போகத்தான் வர்றேன்." தண்ணீரிலிருந்து அவர் காலை எடுத்தபோது கணுக்கால்வரை தக்காளி போலச் சிவந்திருந்தது. அவருக்கு அது தெரியவில்லை. உடன் வந்த மகள்தான் பதறிப்போய்ப் பச்சைத் தண்ணீரை ஊற்றினார்.

இனிப்பு நீர் நாள்பட்டால் கால் நரம்புகள் பழுதாகும். சூடு, குத்தல், காயம் எதுவும் தெரியாது. வெந்நீரில் கால் வெந்து கொப்புளம் போட்டாலும் வலிக்காது. அந்தப் புண் ஆறவும் செய்யாது. அதிலிருந்து விரலை, பாதத்தை எடுக்க வேண்டிய நிலை வருவது புதிதில்லை. 2019-இல் எடுக்கப்பட்ட தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களில் மட்டும் அது 31.4 விழுக்காடு. அதாவது, அந்தக் குளத்தைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் நம்மவர்கள் மூன்று பேரில் ஒருவருக்குக் கிட்டத்தட்ட. மரத்துப் போன காலைச் சரிசெய்ய வருகிறவர்களுக்குத்தான் அந்தச் சூடு மிகவும் ஆபத்து.

ஆகவே கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். கால் மரப்பு உள்ளவர்கள் காலால் சூட்டைச் சோதிக்காதீர்கள். முழங்கையை வைத்துப் பாருங்கள், இல்லையென்றால் நரம்பு நன்றாக உள்ள ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். சூடு குறைந்த குளமே போதும், அதிலும் பத்துப் பதினைந்து நிமிடம். புண் இருந்தால் தண்ணீரில் இறங்கவே வேண்டாம். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள், இதய நோயாளிகள், கர்ப்பிணிகள் முதலில் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போனதும் பாதத்தைத் துடைத்து, விரலிடுக்கு வரை யாராவது ஒருவர் பார்க்க வேண்டும். பாட்டி காலைப் பேரன் பார்க்கட்டுமே, தப்பில்லை.

ஜப்பானில் 1948-இல் இயற்றிய வெந்நீர் ஊற்றுச் சட்டம் ஒன்று இருக்கிறது. பூமியிலிருந்து வரும் நீர் 25 டிகிரிக்கு மேல் இருந்தாலோ, குறிப்பிட்ட தாதுக்கள் இருந்தாலோ அது வெந்நீர் ஊற்று. (25 டிகிரி என்றால் நம் வீட்டுக் கூரைத் தொட்டித் தண்ணீரே தேறிவிடும், பூமியிலிருந்து வரவில்லை என்பதுதான் குறை!) அந்தச் சட்டப்படி, தண்ணீரில் என்னென்ன இருக்கிறது, எந்த நோயுள்ளவர்கள் இறங்கக்கூடாது என்று ஒவ்வொரு குளியலகமும் எழுதி மாட்டியிருக்க வேண்டும். தக்கேகவாராவின் மரச்சுவரைவிட அந்தப் பலகைதான் இப்போது எனக்கு நினைவில் நிற்கிறது. நம் குளங்கள் ஒவ்வொன்றிலும் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் நான்கிலும் பளிச்சென்று அப்படி ஒரு பலகை நின்றால், அதற்கு ஆகும் செலவு ஓர் அறுவை சிகிச்சைக்கு ஆவதைவிட எவ்வளவோ குறைவு.

சரி, காட்சிகளுக்குத் திரும்புவோம். பத்துமலையில் 272 படிகளும் 42.7 மீட்டர் முருகனும் உங்களுக்குப் புதிதில்லை. ஆனால் அந்தச் சுண்ணாம்புக் குன்று சுமார் 40 கோடி ஆண்டு பழமையானது என்பதை நினைத்துக்கொண்டு ஒரு தடவை ஏறிப் பாருங்கள். நாம் நேர்த்தி வைத்து ஏறுவது ஒரு காலத்துக் கடலின் அடித்தளம். பக்கத்து இருட்டுக் குகையில், உலகின் மிக அரிய சிலந்திகளில் ஒன்று கதவு வைத்த கூடு கட்டி வாழ்கிறது. குரங்குகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பெப்புவுக்கு அருகில் தக்காசாக்கி மலையிலும் காட்டுக் குரங்குகளைப் பார்க்க 1953 முதல் ஒரு பூங்கா இருக்கிறது. அங்கே ஊழியர்கள் மட்டுமே உணவு போடலாம், பார்வையாளர் கொடுக்கக் கூடாது. அந்தக் குரங்குகள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நம் பத்துமலைக் குரங்கோ அர்ச்சனைத் தட்டில் இருந்து தேங்காயை எடுத்துக்கொண்டு, நம்மையே முறைக்கும். வாழைப்பழம் கொடுத்துக் கொடுத்து அப்படிப் பழக்கியது நாம்தான்.

தாமான் மெலாவாத்தி பக்கம் போனால், காட்டுக்கு மேலே டைனோசர் முதுகு போல நீளும் படிகக்கல் குன்றுவரிசை தெரியும். 14 கிலோமீட்டருக்கும் மேல் நீளமான, உலகிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று. ஆச்சரியம் என்னவென்றால், அதுவும் வெந்நீர் செய்த வேலைதான். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு, மணற்சத்து கரைந்த சுடுநீர் பாறைப் பிளவில் ஏறி, ஆறி, இறுகிக் கல்லானது. கீழே நின்று பாருங்கள், போதும். மேலே ஏறியவர்கள் தவறி விழுந்து உயிரிழந்திருக்கிறார்கள். பத்துமலை, இந்தக் குன்றுவரிசை எல்லாவற்றையும் சேர்த்து கோம்பாக்–உலு லங்காட் ஜியோபார்க் என்று இப்போது பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

பெப்புவில் மலையும் ஊற்றும் கடலும் ஒரே பார்வையில் அடங்கிவிடும். நமக்குக் கடல் வேண்டுமென்றால் ஒரு மணி நேரம் கார் ஓட்ட வேண்டும், அதுவும் சேறும் சதுப்புநிலக் காடுமான கடல். நீல நிறத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். கோலசிலாங்கூரில் மெலாவாத்தி குன்றின் மேல் 1907-இல் கட்டிய கலங்கரை விளக்கமும், சாதுவான வெள்ளி நிறக் குரங்குகளும் இருக்கின்றன. பிறந்த குட்டி மட்டும் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். பிள்ளைகளுக்கு அது போதும், அன்றைய நாள் முழுக்கப் பேசுவார்கள். இருட்டியதும் கம்போங் குவாந்தானில் படகேறினால், ஆற்றோர மரங்களில் மின்மினிகள் ஒரே தாளத்தில் அணைந்து எரியும். நிலா வெளிச்சமும் மழையும் இல்லாத இரவாகப் பார்த்துப் போங்கள். கைப்பேசி வெளிச்சத்தை அணைத்துவிடுங்கள்.

செந்தூல் ஆன்ட்டிக்கு நான் போட்டுக் கொடுத்த திட்டம் இது. விடிகாலை ஆறரைக்குப் பத்துமலை, கூட்டமும் வெயிலும் வருவதற்குள் படியேறி இறங்கிவிடலாம். எட்டு மணிக்குச் செலாயாங், படியேறிய காலுக்கு வெதுவெதுப்பான குளத்தில் பத்து நிமிடம். பிறகு பக்கத்திலேயே தோசையும் தே தாரிக்கும். மத்தியானம் வீட்டில் ஒரு தூக்கம், மாலையில் கோலசிலாங்கூர். தைப்பூச வாரத்தில் மட்டும் வேண்டாம். வாளி, துண்டு, குடிதண்ணீர், வழுக்காத செருப்பு எடுத்துக்கொள்ளச் சொன்னேன். "இனிப்பு நீர் இருக்கா ஆன்ட்டி?" என்றும் கேட்டேன். இருக்கிறதாம். முழங்கை விஷயத்தை அவரிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன்.