வாரண்டுக்குப் பயந்து ஒளிய வேண்டாம்



நலன்புரி அலுவலகத்துக்கு வருகிறவர்கள் பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து மெதுவாகக் கேட்கிற ஒரு கேள்வி உண்டு. "ஐயா, எங்க மகனுக்கு வாரண்டு இருக்குதாம். இப்ப என்னா செய்யிறது?" என்பதுதான் அது. கேட்கும்போதே அவர்களுக்குக் கண் கலங்கிவிடும். ஆகவே இந்த இதழில் அதைப் பற்றியே எழுதுகிறோம்.

விளக்கம் கொஞ்சம் நீளம், ஆனால் பதில் சின்னது. பொலிஸ் தேடி வருவதற்கு முன்னால், சட்டத்தரணி ஒருவரோடு நாமாகவே கோட்டுக்குப் போய் நிற்க வேண்டும்.

வாரண்டு எப்படி வருகிறது?

நாம் வாரண்டு என்று சொல்வதைத்தான் சட்டத்தில் பிடியாணை என்கிறார்கள். இன்ன ஆளைப் பிடித்து எனக்கு முன்னால் கொண்டு வா என்று நீதவான் எழுத்தில் கொடுக்கும் கட்டளை அது. பெரிய குற்றவாளிகளுக்குத்தான் அது வரும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை அப்படியில்லை. நம்முடைய தோட்டங்களில் பெரும்பாலும் இந்த நான்கு காரணங்களால்தான் வருகிறது.

ஒன்று, பிணையில் வந்த பிறகு வழக்குத் தவணைக்குப் போகாமல் விடுவது. இரண்டு, கசிப்பு வழக்கு, சண்டை வழக்கு போன்றவற்றில் விதித்த தண்டப்பணத்தைக் கட்டாமல் இருப்பது. மூன்று, பெண்சாதி பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொன்ன தாபரிப்புப் பணத்தைக் கொடுக்காமல் விடுவது. நான்காவது பலருக்குத் தெரியாது. சாட்சி சொல்ல வரும்படி அழைப்பாணை வந்தும் போகாவிட்டால், ஒரு குற்றமும் செய்யாத சாட்சிக்காரருக்கும் பிடியாணை வரலாம்.

நாள் போனால் மறந்துவிடுவார்களா?

மாட்டார்கள். "அஞ்சு வருஷம் போச்சு, இனி யார் தேடப் போறா" என்று சொல்வதை அடிக்கடி கேட்கிறோம். பிடியாணைக்குக் காலாவதி நாள் கிடையாது. ஆளைப் பிடிக்கும் வரையில், அல்லது அதைக் கொடுத்த நீதிமன்றமே இரத்துச் செய்யும் வரையில் அது உயிரோடுதான் இருக்கும். 2023 டிசம்பரில் பொலிசார் 'யுக்திய' என்ற பெயரில் நாடு முழுவதும் தேடுதல் தொடங்கியபோது, பழைய பிடியாணை உள்ளவர்களும் அதில் பிடிபட்டார்கள்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு தம்பியின் கதையைச் சொல்கிறோம். தோட்டத்தின் பெயரும் அவருடைய பெயரும் வேண்டாம். தேர்த் திருவிழா இரவில் நடந்த ஒரு கைகலப்பில் அவர் பேரிலும் வழக்கு விழுந்தது. பெரியப்பா ஒருவர் பிணைக்குக் கையெழுத்துப் போட்டு வெளியே எடுத்தார். இரண்டு தவணைக்கு ஒழுங்காகப் போனார். மூன்றாம் தவணை அன்று பிள்ளைக்கு வயிற்றோட்டம், ஆஸ்பத்திரியில் நின்றுவிட்டார். அடுத்த நாள் கோட்டுக்குப் போய்ச் சொல்லியிருந்தால் காரியம் அதோடு முடிந்திருக்கும். பயத்தில் கொழும்புக்குப் போய்க் கடையொன்றில் வேலைக்கு நின்றார்.

அப்படியே நான்கு வருஷம். தீபாவளிக்கு வரவில்லை. தங்கச்சி கலியாணத்துக்கு இருட்டிய பிறகு வந்து, விடியுமுன் போனார். வெளிநாட்டு வேலை ஒன்று சரிவந்தது. பொலிஸ் நற்சான்றிதழ் கேட்டதும் அதையும் விட்டுவிட்டார். இதற்குள் பெரியப்பாவுக்குக் கோட்டிலிருந்து அறிவித்தல் வந்துவிட்டது. பிணை நின்ற ஆளைக் கொண்டு வா, இல்லாவிட்டால் 50,000 ரூபாய் ஏன் அறவிடக் கூடாது என்று காரணம் சொல் என்றிருந்தது. பெரியப்பா பென்சன் போய் ஈ.பி.எஃப். காசை வைத்துக் கூரைத் தகரம் மாற்ற இருந்தவர். ஒளிந்திருப்பவர் தன்னை மட்டும் ஒளிப்பதாக நினைக்கிறார். அவரை நம்பிக் கையெழுத்துப் போட்டவருக்கு ஒளிய இடமில்லை.

முதலில் செய்ய வேண்டியது

எந்தக் கோட்டு, வழக்கு இலக்கம் என்ன, கடைசியாகத் தவறிய தவணை எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஹட்டன், நுவரெலியா, பதுளை, பண்டாரவளை என்று நீதவான் நீதிமன்றங்கள் பல இருக்கின்றன. பிடியாணையை எடுத்துவிட முடிந்தது அதைக் கொடுத்த நீதிமன்றத்துக்குத்தான். பழைய பிணைத் தாள், தண்டப்பணத் துண்டு, பொலிசில் கொடுத்த கடுதாசி எதுவாயிருந்தாலும் தேடி எடுங்கள். ஒன்றும் இல்லாவிட்டால், பெயரையும் வழக்கு நடந்த வருஷத்தையும் சொன்னால் சட்டத்தரணியே நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் விசாரித்துப் பார்ப்பார்.

அடுத்தது சட்டத்தரணியிடம் போவது. அவரிடம் ஒன்றையும் மறைக்க வேண்டாம். ஏன் போகவில்லை என்பதை உள்ளபடி சொல்லுங்கள். "அறிவித்தல் வரவே இல்லை" என்று பொய் சொல்லி, வழக்கேட்டில் உங்கள் கையெழுத்து இருந்தால் அவர் உங்களுக்காகப் பேச முடியாது. காரணத்துக்கு அத்தாட்சி இருந்தால் கொண்டு போங்கள். ஆஸ்பத்திரித் துண்டு, மரணப் பத்திரம், வேலை செய்த இடத்துக் கடிதம் எல்லாம் உதவும். நாங்கள் சொன்ன தம்பி, பிள்ளை ஆஸ்பத்திரியில் இருந்ததற்கான அட்டையை அவருடைய அம்மா டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்ததால்தான் ஓரளவு தப்பினார். ஒரு நாளுக்கு அது காரணம். நான்கு வருஷத்துக்குக் காரணம் பயம்தான் என்பதையும் அவர் சொல்லத்தான் வேண்டியிருந்தது.

கோட்டில் என்ன நடக்கும்?

சட்டத்தரணி நகர்த்தல் பத்திரம் என்ற ஒரு தாளைக் கொடுத்து, தவணை இல்லாத நாளிலும் அந்த வழக்கைக் கூப்பிடச் செய்வார். அன்றைக்கு ஆள் நேரில் வர வேண்டும். சட்டத்தரணி மட்டும் போய்ப் பேசினால் போதாது. பெயர் கூப்பிட்டதும் கூண்டில் ஏறி நிற்க வேண்டும். சட்டத்தரணி காரணத்தைச் சொல்லி, தானாகவே வந்திருக்கிறார் என்பதையும் எடுத்துச் சொல்லி, பிடியாணையை மீளப்பெறும்படி கேட்பார்.

அதற்குப் பிறகு நீதவானின் தீர்மானம். எச்சரித்துப் பழைய பிணையிலேயே விடலாம். புதிய பிணை கேட்கலாம். வழக்கு பாரதூரமானதாக இருந்தால், அல்லது பல தடவை தவறியிருந்தால், விளக்கமறியலில் வைக்கவும் இடமுண்டு. போனவுடன் விட்டுவிடுவார்கள் என்று நாங்கள் உறுதி சொல்ல முடியாது. அப்படி உறுதி சொல்கிறவரை நீங்களும் நம்ப வேண்டாம். ஆனால் விலங்கு போட்டுக் கொண்டு வரப்பட்ட ஆளுக்கும், தானாக வந்து தலை குனிந்து நின்ற ஆளுக்கும் வித்தியாசம் உண்டு. ஓடமாட்டான் என்று நம்புவதற்கு அதுவே முதல் காரணம்.

ஆகவே போகிற அன்று வெறுங்கையோடு போகக் கூடாது. பிணை நிற்கக்கூடிய இரண்டு பேர், தங்கள் அடையாள அட்டையோடும் கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழோடும் கூடவே வர வேண்டும். காசுப் பிணை கேட்டால் கட்டுவதற்குக் கொஞ்சம் பணம் இருக்க வேண்டும். பிணையாட்கள் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்க, ஆள் மட்டும் கோட்டில் நின்றால், பிணை கிடைத்தும் அன்றிரவு மறியலில்தான். தண்டப்பணம், தாபரிப்புப் பணம் பாக்கி என்றால், கட்டக்கூடிய அளவு தொகையைக் கையில் கொண்டு போய், மிச்சத்துக்குத் தவணை கேட்கச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமையில் இந்தக் காரியத்துக்குப் போக வேண்டாம். ஏதாவது ஒரு தாள் குறைந்தால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் உள்ளே இருக்க நேரிடும்.

அந்தத் தம்பிக்குப் பிடியாணையை எடுத்து, கடுமையாக எச்சரித்து, புதிதாக இரண்டு ஆட்பிணையில் விட்டார்கள். ஆள் வந்துவிட்டபடியால் பெரியப்பாவும் தப்பினார். காலையில் ஒன்பது மணிக்குப் போனவர்கள், பின்னேர பஸ்சில் ஒன்றாகத் தோட்டத்துக்கு வந்தார்கள்.

எடுத்த பிறகும் வேலை இருக்கிறது

பிடியாணை போனால் வழக்கு போய்விட்டது என்று அர்த்தமில்லை. வழக்கு விட்ட இடத்திலிருந்து நடக்கும். அடுத்த தவணையை எழுதி வாங்கி, வீட்டுக் கலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போடுங்கள். போக முடியாத நிலை வந்தால், அன்று காலையிலேயே சட்டத்தரணிக்குச் சொல்லி வையுங்கள்.

இன்னொன்று. கோட்டில் எடுத்துவிட்டாலும் பொலிஸ் நிலையத்துப் புத்தகத்தில் பழைய பதிவு அப்படியே கிடக்கலாம். அன்றைய கட்டளையின் சான்றுப்படுத்திய பிரதி ஒன்றை எடுத்து, வீட்டில் ஒன்றும் சட்டைப் பையில் ஒன்றுமாக வைத்திருங்கள். பொலிசுக்கு அறிவித்தாயிற்றா என்று சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

அதற்குள் பொலிஸ் வந்துவிட்டால்?

ஓடாதீர்கள், கையை ஓங்காதீர்கள். அது இன்னொரு வழக்காகிவிடும். என்ன காரணத்துக்காகப் பிடிக்கிறார்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. அரசியலமைப்பின் 13 ஆம் உறுப்புரை அதைச் சொல்கிறது. பிடியாணையைக் காட்டும்படியும் கேட்கலாம். பெண்களைச் சோதிப்பதானால் பெண்தான் சோதிக்க வேண்டும். தாமதம் இல்லாமல் நீதவான் முன் கொண்டு போக வேண்டும். வீட்டார் உடனே எந்தப் பொலிஸ் நிலையம் என்று தெரிந்துகொண்டு சட்டத்தரணிக்குச் சொல்லுங்கள். விளங்காத மொழியில் எழுதிய தாளில், வாசித்து விளங்கப்படுத்தாமல் கையெழுத்து வைக்க வேண்டாம்.

பணம் இல்லையே ஐயா

1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு அவர்கள் சட்டத்தரணியைக் கொடுத்து உதவுகிறார்கள். சம்பளத் துண்டு, அடையாள அட்டை, வழக்குத் தாள்களோடு போய்க் கேளுங்கள். தனிப்பட்ட சட்டத்தரணியைப் பிடிப்பதானால், பிடியாணையை எடுப்பதற்கு மட்டுமா முழு வழக்குக்குமா பணம் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

கோட்டு வாசலில் நின்றுகொண்டு "நான் உள்ளுக்கு ஆள் வச்சு வாரண்ட கிழிச்சிர்றேன்" என்கிற புரோக்கர்களுக்கு ஐந்து சதமும் கொடுக்க வேண்டாம். நீதவானைத் தவிர வேறு ஒருவராலும் அதைக் கிழிக்க முடியாது. தண்டப்பணமோ காசுப் பிணையோ நீதிமன்றத்தில் கட்டிப் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

சிங்களம் தெரியாதே என்றும் பயப்பட வேண்டாம். வழக்கு சிங்களத்தில் நடந்தாலும், தமிழில் பேசவும், நடப்பதை மொழிபெயர்த்துக் கேட்கவும் அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். விளங்காமல் தலையாட்டினால் ஒத்துக்கொண்டதாகிவிடும்.

எங்கள் பிழை ஒன்று

கடைசியாக ஒன்றைச் சொல்ல வேண்டும். சில வருஷங்களுக்கு முன் ஒரு அக்கா சிங்களத்தில் இருந்த ஒரு கடுதாசியைக் கொண்டு வந்து, "என்னான்னு பாத்துச் சொல்லுங்க ஐயா" என்றார். அன்று பிள்ளைக் காம்பராக் கணக்கு முடிக்க வேண்டியிருந்தது. "பொறகு பாப்பம்" என்று வாங்கிப் பைலில் வைத்துவிட்டோம். அது அவர் சாட்சியாக வர வேண்டிய வழக்கின் அழைப்பாணை. தவணை போய், பிடியாணை வந்து, கொழுந்து நிறுக்கும் இடத்தில் எல்லோருக்கும் முன்னால் அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அன்றைக்கே எச்சரித்து விட்டுவிட்டார்கள் என்பது உண்மை. ஆனால் கூடை தரையில் கிடக்க அவர் ஜீப்பில் ஏறிய அவமானத்தை யார் எடுப்பது? அதற்கு நாங்கள்தான் காரணம்.

அன்றிலிருந்து, வருகிற எந்தக் கடுதாசியையும் அன்றைக்கே வாசித்துச் சொல்வது என்று வைத்திருக்கிறோம். தபால் ஆபீசில் தேங்கியிருந்தாலும், பக்கத்து லயத்தில் மாறிக் கொடுத்திருந்தாலும், கிடைத்த அன்றே கொண்டு வாருங்கள். ஏற்கனவே வாரண்டு இருந்தாலும் வாருங்கள். நாங்கள் யாருக்கும் சொல்லிக் கொடுக்க மாட்டோம். சட்டத்தரணியிடம் கூட்டிக்கொண்டு போவோம், கோட்டு வாசல் வரை கூடவே வருவோம்.