மந்திரச் சொல்லும் மறதியும்

மந்திரத்தை மூடநம்பிக்கை எனக் கூறி ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின், மெய்யான தொழினுட்பம் போதாதவிடத்து அதனை ஈடுசெய்ய மனிதர் கைக்கொண்ட மாயத் தொழினுட்பமே மந்திரம் என்று ஜோர்ஜ் தொம்சன் 'மார்க்சியமும் கவிதையும்' (1945) என்னும் நூலில் விளக்கினார். இக்கருத்தை மனங்கொண்டு மாயப் புனைகதைகளை நோக்குமிடத்து, அவற்றில் வரும் மந்திரம் யாருடைய உடைமை, யார்மீது ஏவப்படுகின்றது என்னும் வினாக்கள் எழுகின்றன. எனக்கு மிக உவப்பான மந்திரத்தையும் மிக வெறுப்பானதையும் இவ்வினாக்களைக் கொண்டே தெரிந்துகொண்டேன்.

உவப்பானது அலிபாபா கதையில் வருவது. 1956 ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் வாயிலாகத் தமிழர் நன்கறிந்த 'திறந்திடு சீசேம்' என்பதில், சீசேம் என்பது வெறும் எள்ளே. விறகுவெட்டி ஒருவன் மரத்தின் மீதிருந்து ஒட்டுக்கேட்டுப் பெற்ற சொல் அது. குருவோ தீட்சையோ குலமோ அதற்கு வேண்டப்படுவதில்லை. சொல்பவர் எவராயினும் குகை திறக்கும். செல்வக் குடும்பத்தில் மணஞ்செய்து வணிகனாகிய அண்ணன் காசிமோ, பொற்குவியலைக் கண்ட மயக்கத்தில் எள்ளின் பெயரை மறந்து, வாற்கோதுமை முதலாகப் பிற தானியங்களைக் கூவியழைத்து, வெளியேற வழியின்றிக் கொலையுண்கிறான். உழவர் விளைவிக்கும் பொருளின் பெயர் உண்பவனுக்கு நினைவில் இல்லை! எனினும் கதையின் வரம்பையும் நாம் மறைத்தலாகாது. திருடரை வெல்வது அடிமைப் பெண்ணாகிய மோர்ஜியானாவின் மதிநுட்பம். மந்திரமோ தந்தையிடமிருந்து மகனுக்கு முதுசொமாகவே இறங்குகின்றது.

வெறுப்பானது, ஜே. கே. ரோலிங்கின் ஹரி பொட்டர் நாவல்களில் வரும், பிறர் நினைவை அழிக்கும் 'ஒப்லிவியேற்' என்னும் மந்திரம். கொலை மந்திரம் இதனிலும் கொடிதன்றோ எனச் சிலர் கேட்கலாம். கொலை, சித்திரவதை, மனத்தை அடிமைப்படுத்தல் ஆகிய மூன்றையும் மன்னிக்கவியலாத குற்றங்களென அந்நாவல்களே விலக்கிவிடுகின்றன. நினைவழிப்பு அவற்றுள் ஒன்றன்று. அது அமைச்சின் அன்றாட நிருவாகம். 2000 ஆம் ஆண்டு வெளிவந்த நான்காம் நாவலில், மந்திரவாதிகளின் விளையாட்டு விழாவுக்கு இடங்கொடுத்த முகாம் ஒன்றினை நடத்தும் ரொபேட்ஸ் என்ற சாதாரண மனிதர் ஐயங்கொள்ளும்போதெல்லாம் அவரது நினைவு அழிக்கப்படுகின்றது. நாளொன்றுக்குப் பத்துத் தடவை வேண்டியிருக்கின்றதென ஊழியர் ஒருவர் அலுத்துக்கொள்கிறார். ஈற்றில் ரொபேட்ஸ் கோடைகாலத்தில் நத்தார் வாழ்த்துக் கூறி எம்மை வழியனுப்புகிறார். நாவல் இதனை நகைச்சுவையாகக் காண்கிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதே மந்திரத்தின் பொருளாதாரத்தை இரண்டாம் நாவல் (1998) தெளிவாகக் காட்டியிருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. அதில் வரும் லொக்ஹாட் என்னும் புகழ்பெற்ற எழுத்தாளன், பிறர் ஆற்றிய அருஞ்செயல்களைக் கேட்டறிந்து, அவர்கள் நினைவை அழித்துவிட்டு, தன் செயல்களாக நூலெழுதிப் பொருளீட்டுபவன். பிறர் உழைப்பைக் கவர்வதோடு அமையாது, உழைத்தமையையே உழைத்தவர் அறியாவண்ணம் செய்தல் இங்கு நிகழ்கின்றது. இறுதி நாவலில் (2007) ஹேர்மியொனி தன் பெற்றோரைக் காக்கவே அவர்கள் நினைவை மாற்றுகிறாள் என்பர். ஆயினும் அப்பெற்றோரின் சம்மதத்தை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இனி, அலிபாபா கதைக்கே நேர்ந்ததைக் கூறவேண்டும். 1709 இல் பாரிஸ் நகரில் அதனை அந்துவான் கல்லானுக்குச் சொன்னவர் அலெப்போவைச் சேர்ந்த ஹன்னா தியாப் என்னும் இளைஞர். அதற்கு முற்பட்ட அரபுப் பிரதி எதுவும் அறியப்படவில்லை. கல்லான் லொக்ஹாட் அல்லர். தம் நாட்குறிப்பில் ஹன்னாவின் பெயரை எழுதியே வைத்தார். எனினும், அவர் இறந்தபின் 1717 இல் வெளிவந்த தொகுதியில் அப்பெயர் இடம்பெறவில்லை. முதுமையில் ஹன்னா எழுதிய பயண நினைவுகள் வத்திக்கான் நூலகத்தில் நெடுங்காலம் அடையாளங் காணப்படாது கிடந்தன. பிரெஞ்சு மொழிபெயர்ப்பு 2015 இலேயே வெளிவந்தது. தாம் சொன்ன கதைகள் பற்றி அதில் அவர் எழுதியிருப்பன சில வரிகளே.